ஆழத்து நிலக்கரியை வெட்டாமல் வாயுவாக்க: முதலில் தண்ணீர்க் கணக்கு

கேள்வி: 300 மீட்டர் ஆழத்தில், 6 மீட்டர் கனத்தில் பழுப்பு நிலக்கரிப் படிவம் இருக்கிறது. சுரங்கம் தோண்டினால் கட்டுப்படியாகாது. நிலத்துக்குள்ளேயே எரித்து வாயுவாக எடுக்கலாம் என்கிறார்கள். எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: கனம் போதும். 2 மீட்டருக்குக் குறைந்த படிவங்களில் மேலும் கீழும் உள்ள பாறையே வெப்பத்தைக் குடித்துவிடும். பழுப்பு நிலக்கரி என்பதும் சாதகம்தான். எளிதில் வினைபுரியும், சூடானால் இளகி உப்பி வழியை அடைக்காது. நீங்கள் கவலைப்பட வேண்டியது மேலே உள்ள பாறையையும் சுற்றியுள்ள தண்ணீரையும் பற்றித்தான்.

அமைப்பு எளிது. ஒரு கிணற்றில் காற்றோ, ஆக்சிஜனும் நீராவியுமோ உள்ளே போகும்; இன்னொன்றில் வாயு மேலே வரும். படிவத்தின் அடியை ஒட்டிய கிடைமட்டத் துளை இரண்டையும் இணைக்கும். நெருப்பு முகத்தில் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அங்கே உண்டாகும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் தணல் கரியோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் ஆகின்றன. கொஞ்சம் மீத்தேனும் வரும். காற்றால் எரித்தால் ஒரு கன மீட்டர் வாயுவில் 4 முதல் 5 மெகாஜூல் வெப்ப ஆற்றல், ஆக்சிஜனால் எரித்தால் சுமார் 10. இயற்கை எரிவாயுவில் 38 அளவுக்கு இருக்கும். எனவே இதைத் தொலைதூரக் குழாயில் அனுப்புவது வீண். மின்நிலையமோ ரசாயன ஆலையோ பக்கத்திலேயே வேண்டும். உஸ்பெகிஸ்தானின் ஆங்ரென் நகரில் 1960களில் தொடங்கிய நிலையம் தன் வாயுவை அருகிலுள்ள மின்நிலையத்துக்குத்தான் கொடுத்து வந்தது.

இனி அழுத்தம். கரி எரிந்து உண்டாகும் குழிக்குள் அழுத்தம், சுற்றியுள்ள நிலத்தடி நீரின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாகவே எப்போதும் இருக்க வேண்டும். அப்போது தண்ணீர் குழியை நோக்கி வரும். எரியும்போது உண்டாகும் நச்சுப் பொருள்களான பென்சீனும் பீனாலும் வெளியே போகாது. அளவைப் படிவத்தின் ஆழத்திலிருந்து கணக்கிடாதீர்கள். நீர்மட்டம் தரைக்கு 20 மீட்டர் கீழே இருந்தால் உங்கள் படிவத்தில் 280 மீட்டர் நீர்த்தம்பம், அதாவது ஏறக்குறைய 27 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்). குழியை அதற்குச் சில பார் கீழே நடத்தலாம். ஆனால் நெருப்பு தண்ணீரை இழுக்க இழுக்க அந்த 27 தானே இறங்கும். முதல் நாள் அழுத்த அளவையே பிடித்துக்கொண்டிருந்தால் சில மாதங்களில் வாயு கசியத் தொடங்கும். கண்காணிப்புக் கிணறுகளின் அளவைப் பார்த்துப் பார்த்து இறக்க வேண்டும். மிகவும் இறக்கினாலும் தொல்லை: தண்ணீர் வெள்ளமாய்ப் புகுந்து வெப்பம் விழும், கார்பன் டை ஆக்சைடு ஏறும், வாயு எரியவே மறுக்கும்.

காற்றால் எரிப்பவர்களுக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. நைட்ரஜன் கிட்டத்தட்ட எதோடும் வினைபுரிவதில்லை. உள்ளே செலுத்தியதைவிட வெளியே வருவது தொடர்ந்து குறைந்தால், மிச்சம் பாறைக்குள் போகிறது என்று பொருள். வெளிவரும் வாயுவில் ஆக்சிஜன் தென்பட்டால் யோசிக்காமல் செலுத்துவதை நிறுத்துங்கள். காற்று நெருப்பைத் தொடாமல் குறுக்கே பாய்கிறது, அடுத்தது வெடிப்பு.

குழி பெருத்தால் கூரை சரியும். 1970களின் இறுதியில் அமெரிக்காவின் ஹோ க்ரீக் சோதனையில் கூரை இடிந்து மேலுள்ள நீர் அடுக்கோடு இணைய, நிலத்தடி நீர் கெட்டது. ஆஸ்திரேலியாவின் சின்சில்லாவில் சுற்றுச்சூழலைக் கெடுத்த வழக்கில் அங்கே இப்படி வாயு எடுத்த நிறுவனத்துக்கு 2018இல் 45 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம். அதற்கு முன்பே, 2016இல், அந்த ஊர் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநில அரசு இம்முறையைத் தடை செய்துவிட்டது.

அணைப்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். காற்றை நிறுத்தியதும் கிணற்றை மூடிவிட்டால், ஆறாத கரி தொடர்ந்து தாரும் பீனாலும் விட்டுக்கொண்டிருக்கும், அழுத்தம் ஏறி அவை பாறைக்குள் தள்ளப்படும். வெளியேற்றும் கிணற்றைத் திறந்தே வைத்து, உள்ளே புகும் நீர் ஆவியாகிக் குழியைக் கழுவிக் குளிரவிட்ட பிறகே அடைக்க வேண்டும்.

ஆகவே முதல் செலவு எரிக்கும் கிணற்றுக்கு வேண்டாம். கூரைப் பாறையின் மாதிரித் துண்டுகளை எடுத்துச் சூடாக்கி விரிசலைச் சோதியுங்கள். படிவத்திலும் அதற்கு மேலுள்ள ஒவ்வொரு நீர் அடுக்கிலும் அழுத்தமானி இறக்கி, ஒரு முழு ஆண்டுக்காவது அளவெடுங்கள். படிவத்துக்கும் நல்ல தண்ணீர் அடுக்குக்கும் இடையே நீரை எளிதில் விடாத கனமான களிப்பாறை இல்லையென்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.