கேரம் பலகைக்கு ஐந்து பாக்கெட்: ஏ.ஐ. படத்தை ஃபிளெக்ஸுக்கு அனுப்பும் முன்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) மற்றும் ஃபிளெக்ஸ் வடிவமைப்புக் கடை நடத்துகிறேன். வாடிக்கையாளர்கள் கைப்பேசியில் ஏ.ஐ. வரைந்த படத்தோடு வந்து, "இதை அப்படியே அடித்துக் கொடுங்கள், டிசைன் காசு எதற்கு?" என்கிறார்கள். நானும் இக்கருவியைப் பயன்படுத்தலாமா? எதுவரை நம்பலாம்?

பதில்: தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் பின்னணி, வண்ணச் சேர்க்கை, முதல் மாதிரி ஆகியவற்றோடு அதன் வேலையை நிறுத்திக்கொள்ளுங்கள். எழுத்து, முகம், கடைச் சின்னம் (லோகோ) ஆகிய மூன்றையும் உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தை எடுத்துக்கொள்வோம். படம் வரையும் ஏ.ஐ., பெரும்பாலும் தாறுமாறாகச் சிதறிய புள்ளிகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாக உருவத்தைத் தெளிய வைக்கிறது. அதற்குத் தமிழ் எழுத்து என்பது மரத்தையும் மேகத்தையும் போல ஒரு வடிவம் மட்டுமே. அது பயின்ற படங்களில் ஆங்கிலம் மிகுதி, தமிழ் குறைவு என்பதால், கொம்பும் காலும் இடம் மாறியும் சுழி கூடியும் வரும். புதிய கருவிகள் சிறு சொற்களை ஓரளவு சரியாக எழுதிவிடுகின்றன என்றாலும், அந்த எழுத்து படத்தோடு படமாக உறைந்துபோன ஒன்று என்பதை மறந்துவிடக் கூடாது. முகூர்த்த நேரம் 7.30 அல்ல, 9.00 என்று மாமா கடைசி நிமிடத்தில் தொலைபேசியில் சொன்னால், அதை மட்டும் எளிதில் மாற்ற முடியாது. எனவே எழுத்தில்லாத பின்னணியை மட்டும் வாங்கி, வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ஏ.ஐ. எழுதித் தரும் வாழ்த்து வாசகம் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையில் இருக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அதை ஒட்டினால் குப்பையாகத் தெரியும், குறியீட்டை மாற்றும் மென்பொருளில் மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும்.

அடுத்தது அளவு. கைப்பேசியில் பளிச்சென்று தெரியும் படம் பெரும்பாலும் 1024 பிக்சல் (படப்புள்ளி) அகலமே இருக்கும். அதைப் பத்தடி ஃபிளெக்ஸாக இழுத்தால் அங்குலத்துக்கு எட்டரை பிக்சல்தான் கிடைக்கும். நான்கு மடங்கு பெரிதாக்கும் கருவியில் போட்டால் அது 34 ஆகும். தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும் பலகைக்கு அது போதும். பெரிதாக்காத மூலப் படமோ ஐந்துக்கு ஏழு அங்குலப் பத்திரிகைக்குக்கூடப் போதாது. அங்குலத்துக்கு 300 என்ற கணக்கில் 1500க்கு 2100 பிக்சல் வேண்டும். திரையில் மின்னும் பச்சையும் நீலமும் மையில் மங்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே, ஏ.ஐ. படங்களில் அந்த நிறங்கள் அளவுக்கு மீறி இருப்பதால், அச்சு நிறத்துக்கு மாற்றிக் காட்டிய பிறகே ஒப்புதல் வாங்குங்கள்.

முகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அடையாள அட்டையிலிருந்து படமெடுத்த மங்கலான முகத்தைக் கொண்டுவருவார்கள். அதை ஏ.ஐ.யில் தெளிவாக்கினால், கருவி இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்புகிறது. மச்சம் மறைகிறது, முன்பல்லின் இடைவெளி அடைபடுகிறது, தோல் மெழுகு பூசியது போலாகிறது. அப்படி நான் செய்துகொடுத்த ஒரு படத்தைப் பார்த்து, இறந்தவரின் மகள் "நல்லா இருக்கு, ஆனா இது எங்க அப்பா இல்லை" என்றார். அன்றிலிருந்து மூலப் படத்தை மேல் அடுக்கில் வைத்துக் கண், மூக்கு, வாய் மூன்றையும் அதிலிருந்தே எடுக்கிறேன். சட்டை மடிப்பு, கீறல், பின்னணி ஆகியவற்றை மட்டும் கருவியிடம் விடுகிறேன். அதற்கும் படம் தாங்கவில்லை என்றால், முகத்தைச் சிறிதாக்கி வட்டத்துக்குள் வைத்துவிடலாம். குடும்பத்தாரின் படங்களை இணையக் கருவியில் ஏற்றுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதும் முறை.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. கேரம் போட்டிக்குப் பின்னணி கேட்டால் ஐந்தாவது பாக்கெட்டோடு பலகை வரும், காய்கள் பதினொன்றோ இருபத்தைந்தோ இருக்கும். 2024இல் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவின் ஊர் இது. கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, சிவப்பு ஒன்று என்று தெருமுனைச் சிறுவனே எண்ணிச் சிரிப்பான். காசிமேட்டுப் படகு கேட்டால் வேறெந்தக் கடற்கரையின் படகோ வந்து நிற்கும். கேரம் மன்றத்திலேயே பலகையைப் புகைப்படம் எடுத்து, அதைச் சுற்றி ஒளியையும் வண்ணத்தையும் மட்டும் ஏ.ஐ.யிடம் கேளுங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணினியால் உருவான கலைப்படைப்புக்கு, அது உருவாகக் காரணமானவரே ஆசிரியர் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். 1994 திருத்தத்தில் வந்த இந்த வரி, இன்றைய ஏ.ஐ.யை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமோ 2023இல் ஒரு சித்திரக்கதைக்குள் இருந்த ஏ.ஐ. படங்களுக்கு உரிமை தர மறுத்தது. எனவே ஒரு கடைக்கு நீண்ட காலம் நிற்க வேண்டிய சின்னத்தை ஏ.ஐ.யிடம் வாங்கித் தராதீர்கள், அதன் மாதிரியைப் பார்த்தும் வரையாதீர்கள். பென்சிலில் வரைந்து, கோரல்டிரா மென்பொருளில் கோடுகளாக மாற்றிக் கொடுங்கள், எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் சிதையாது. நடிகர் முகத்தை ஏ.ஐ.யில் உருவாக்கிக் கடை விளம்பரத்தில் போடும் வேலையை மறுத்துவிடுங்கள். ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், அவருடைய பெயரையும் உருவத்தையும் அனுமதியின்றிப் பயன்படுத்த 2015இலேயே சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்திருக்கிறது.

காசு விஷயத்துக்கு வருவோம். "அப்படியே அடியுங்கள்" என்பவரோடு வாதாட வேண்டாம். அந்தப் படத்தில் ஓரடிக்கு ஓரடித் துண்டை மட்டும், பேனரில் வரப்போகும் அதே அளவில், ஃபிளெக்ஸ் ஓரத்து மிச்சத்தில் அடித்துக் கையில் கொடுங்கள், குறை அவருக்கே தெரியும். ரசீதிலும் அச்சுக்கூலி, தட்டச்சு, படத் திருத்தம் என்று மூன்று வரிகளாகப் பிரித்து எழுதுங்கள். எந்த வரி வேண்டாம் என்பதை அவரே சொல்லட்டும். வெறும் அச்சு மட்டும் போதும் என்றால், படத்தில் உள்ள எழுத்துக்கும் உருவத்துக்கும் தாமே பொறுப்பு என்று அதே ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடித்துக் கொடுங்கள்.