காதில் ஓயாமல் இரைச்சல் கேட்கிறது, இதோடு எப்படி வாழ்வது?

‘சில மாதங்களாகக் காதுக்குள் ஙொய்யென்று ஒரு சத்தம், நிற்கவே மாட்டேன் என்கிறது. தூக்கம் போச்சு. ஆயுசுக்கும் இப்படியேதானா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வயதும் சொல்லவில்லை, வேலையும் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை நீங்கள் பகலில் எழுதியிருக்க மாட்டீர்கள். வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு ஃபேனை நிறுத்திப் பார்த்து, காதைப் பொத்திப் பார்த்து, பொத்தினால் இன்னும் பெரிதாகக் கேட்கிறதே என்று பயந்துபோய் செல்போனைக் கையில் எடுத்திருப்பீர்கள். டாக்டரிடமும் ஒரு தடவை போய்வந்திருப்பீர்கள். ‘ஒன்றுமில்லை, பழகிக்கொள்ளுங்கள்’ என்றிருப்பார்.

நான் டாக்டர் இல்லை. விசைத்தறி ஓட்டினவன். எனக்கு இந்தச் சத்தம் வந்து வருஷங்கள் ஆகின்றன. இதை எழுதும்போதும் இரண்டு காதிலும் கேட்கிறது. ஆனாலும் ராத்திரி தூங்குகிறேன், காலையில் எழுந்து வேலையைப் பார்க்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கோவை மாவட்டத்துச் சோமனூர்ப் பக்கம். அப்பா காலத்திலிருந்தே கூலித்தறி. நீளவாட்டு நூலான பாவும் குறுக்கே ஓடுகிற ஊடை நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார், சாயம் போடாத காடாத் துணி நெய்து கொடுத்தால் கூலி. தறிகள் ஓடுகிற கொட்டகையைக் குடோன் என்போம், அதற்குள் கால் வைக்காதவர்களுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடா ஒரு பக்கம் அடிபட்டுப் பறந்து மறுபக்கம் மோதும், அங்கிருந்து அடிபட்டுத் திரும்பும். நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல், ஒவ்வொரு தறியிலும். எல்லாத் தறியும் ஓடும்போது 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது 60 டெசிபல். 60-க்கும் 90-க்கும் கொஞ்சம்தானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். டெசிபல் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, முப்பது கூடினால் ஆயிரம் மடங்கு. அதற்குள்ளேதான் ஷிப்ட் முழுக்க நிற்போம், பஞ்சை உருட்டிக்கூட யாரும் காதில் வைத்துக்கொண்டதில்லை. உள்ளே பேச்சே கிடையாது. உதட்டைப் பார்ப்போம், கையைப் பார்ப்போம். என் வீட்டுக்காரம்மா குடோனின் அந்தக் கோடியிலிருந்து வாயை மட்டும் அசைத்தால், டீ வேண்டுமா என்கிறாள், ஜவுளிக்காரர் வந்திருக்கிறார் என்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். எந்தத் தறி நின்றது என்று திரும்பிப் பார்க்காமலே தெரியும், சத்தத்தில் அந்த இடம் மட்டும் குறையும்.

2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். கோவை, திருப்பூர் மாவட்டங்களில் லட்சக்கணக்கான தறிகள் நின்றன. முதல் நாள் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன். ஊரில் ஒரு தறி ஓடவில்லை. எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ராத்திரி என்றாலே தறிச்சத்தம்தான். அது இல்லாத ராத்திரியில் விண்ணென்று ஒரே சுருதியில் ஒரு சத்தம் கேட்டது. டிரான்ஸ்ஃபார்மர் என்று நினைத்து வெளியே போய்ப் பார்த்தேன். தெருக்கோடி வரை போனாலும் அதே அளவில் கேட்டது. திரும்பி வந்து ஃப்ரிட்ஜைப் பிடுங்கிவிட்டேன். என் வீட்டுக்காரம்மா எழுந்து, ‘ஏனுங்க, கரண்ட் போயிருச்சுங்களா?’ என்றாள். ‘சத்தம் கேக்குதா பாரு’ என்றேன். கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, ‘ஒண்ணுங் கேக்கலைங்களே’ என்றாள். சத்தம் என் தலைக்குள் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அது அன்றைக்குப் புதிதாக வந்ததில்லை. எத்தனையோ வருஷமாக உள்ளே இருந்திருக்கும், தறிச்சத்தம் அதை மூடி வைத்திருந்தது. வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கு மேல் போயிற்று. அந்த நாட்களில் எங்கள் தெருவிலேயே இன்னும் சிலர் இதே புகாரைச் சொன்னார்கள். எல்லோரும் தறிக்காரர்கள்.

முதலில் பார்த்த டாக்டர் காதில் லைட் அடித்துப் பார்த்தார், அழுக்கில்லை என்றார், மாத்திரை எழுதினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கவே இல்லை. மாதக்கணக்கில் மாத்திரை தின்றேன், ஒரு மாற்றமும் இல்லை. காதுக்காரருக்கு நோயாளியின் தொழிலைக் கேட்பதைவிட முக்கியமான கேள்வி என்ன இருக்கிறது? அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. எல்லா டாக்டர்களையும் சொல்லவில்லை. அடுத்து மகன் கூட்டிப்போன இடத்தில் இருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே ‘எந்த ஊர், தறியா, மில்லா?’ என்பதுதான்.

அங்கேதான் கேட்புத்திறன் சோதனை செய்தார்கள். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை, தலையில் ஹெட்போன், சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். சோதனை செய்த பெண் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கோடு நேராக வந்து, 4000 ஹெர்ட்ஸ் என்கிற மேல் சுருதிப் பக்கம் திடீரென்று கீழே இறங்கி, அப்புறம் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. ‘இந்தப் பள்ளத்தைப் பார்த்தாலே இரைச்சலில் வேலை செய்தவர் என்று தெரியுங்க ஐயா’ என்றார். பேத்தி ‘அப்பச்சி, அப்பச்சி’ என்று கூப்பிடுவது கேட்கும், அடுத்துச் சொல்வது மட்டும் ஏன் புரிவதில்லை என்பதற்கும் அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது. ச, த மாதிரி மெல்லிய எழுத்துகளின் ஒலி அந்த மேல் சுருதியில்தான் நிறைய இருக்கிறதாம்.

பிறகு இன்னொன்று செய்தார். ஹெட்போனில் ஒவ்வொரு சுருதியாக வைத்து, என் காதில் கேட்கிற சத்தம் எதனோடு ஒத்துப்போகிறது என்று கேட்டார். அந்தப் பள்ளம் விழுந்த இடத்தோடு ஒத்துப்போனது. அளவையும் ஒப்பிட்டார். ராத்திரியெல்லாம் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிற அந்தச் சத்தம், என் காதால் கேட்க முடிகிற குறைந்தபட்ச அளவுக்குச் சில டெசிபல்தான் மேலே. பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்றார். எனக்கு அதை ஏற்கவே முடியவில்லை, மறுபடியும் வைக்கச் சொன்னேன். அதேதான் வந்தது.

அவர் சொல்லி நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உள்காதில் நத்தைக்கூடு மாதிரிச் சுருண்ட ஒரு பாகம் இருக்கிறது. அதில் ஆயிரக்கணக்கான நுண்மயிர் செல்கள். பெரிய சத்தம் வருஷக்கணக்கில் அடித்தால் அவை செத்துப்போகும், மனிதனுக்குத் திரும்ப முளைக்காது. செத்த இடத்திலிருந்து மூளைக்குச் செய்தி வராது. ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காதபோது ரேடியோவில் ஒலியைக் கூட்டினால் இரைச்சல்தானே பெரிதாகும்? மூளையும் வராத செய்திக்காகத் தன் பக்கத்தில் ஒலியைக் கூட்டிக்கொள்கிறது, அந்த இரைச்சல்தான் நமக்குக் கேட்கிறது. 1953-லேயே அமெரிக்காவில் காது நன்றாகக் கேட்கிறவர்களைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறார்கள். சில நிமிஷத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். அதாவது, முழு அமைதியில் எந்த மூளையும் இதைச் செய்யக்கூடியதுதான். நமக்குக் கூடுதலாக இருக்கிறது, அதோடு பயமும் சேர்ந்துகொள்கிறது. ஆபத்து என்று மூளை முடிவு செய்துவிட்ட சத்தத்தை அது காவல் காத்துக்கொண்டே இருக்கும். உங்களைத் தூங்கவிடாதது அந்தக் காவல்தான்.

ஆகவே நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: அமைதியைத் தேடிப் போகாதீர்கள். காது போச்சே என்று கதவைச் சாத்திக்கொண்டு, டிவியை நிறுத்திவிட்டு, பஞ்சு வைத்துக்கொண்டு உட்காருகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அது கூடிக்கொண்டேதான் போகிறது. தறி மாதிரி இரைச்சலான இடத்துக்குப் போனால் காதடைப்பான் கட்டாயம் வேண்டும், வீட்டில் வேண்டாம். வீட்டில் எப்போதும் மெல்லிய சத்தம் ஒன்று இருக்கட்டும். நான் ராத்திரி ஃபேனை ஓடவிடுகிறேன், தலைமாட்டில் செல்போனில் மழைச்சத்தம். இரைச்சலை முழுசாக அமுக்குகிற அளவுக்கு வைக்கக் கூடாது, அதற்குக் கொஞ்சம் கீழே. இரண்டும் சேர்ந்து கேட்க வேண்டும், அப்போதுதான் மூளை காவலைத் தளர்த்தும்.

அடுத்தது காது மெஷின். இரைச்சல் இருக்கும்போது மெஷின் வைத்தால் அதுவும் பெரிதாகாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்கும் திறன் குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கிறது. வெளிச்சத்தம் உள்ளே போனதும் உள்சத்தம் பின்னால் போகிறது. எனக்கு மெஷின் வைத்த அன்று மாலையே, செருப்பைத் தேய்த்து நடக்கிற சத்தம் கேட்டது. என் செருப்புதான். இரைச்சல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தால்தான் தெரிந்தது. உங்களுக்குக் கேட்கும் திறன் நன்றாக இருந்தால் இது பொருந்தாது, அதனால்தான் சோதனை முதலில்.

மூன்றாவதாக, சிபிடி (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) என்று ஒரு பேச்சு சிகிச்சை. மனநல ஆலோசகரிடம் போகச் சொன்னதும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது, எனக்கென்ன பைத்தியமா என்று. சத்தத்தை அது குறைக்காது. ‘இது கூடிக்கொண்டே போய் ஒரு நாள் மூளைக்கு ஏதாவது ஆகிவிடும்’ என்று நான் ராத்திரி ராத்திரி நினைத்துக்கொண்டிருந்தேன் பாருங்கள், அந்த நினைப்பைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை டாக்டர்கள் சங்கம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், தொந்தரவு தரும் நாள்பட்ட இரைச்சலுக்கு இதைத்தான் பரிந்துரைத்திருக்கிறார்கள். ஜிங்கோ என்கிற மூலிகை, மெலடோனின், துத்தநாக மாத்திரை எதுவும் வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. ஆகையால் யூடியூபில் ‘ஏழே நாளில் காது இரைச்சல் போகும்’ என்று யாராவது பாட்டிலைக் காட்டினால் பணத்தைக் கொடுக்காதீர்கள். நாட்டு வைத்தியத்தைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் அம்மா போட்ட கஷாயத்தில் வளர்ந்தவன் நான். ஆனால் செத்த செல்லை முளைக்கவைக்கிற மருந்து இன்றைக்கு எந்த வைத்தியத்திலும் இல்லை. காதுக்குள் சூடான எண்ணெய் ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் விட மனசு வரவில்லை. இரைச்சலால் காது கேளாமல் போவது, 2025 வரை இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் பட்டியலிலேயே தொழில்நோய் என்று இருந்தது. அப்போதைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் இருந்தது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் எல்லை என்று விதியும் உண்டு. வீட்டை ஒட்டி நாலு தறி, ஆறு தறி போட்டு, புருஷன் பெண்டாட்டி இருவருமே ஓட்டுகிற குடோனில் யார் போய் அளப்பது? யாரிடம் இழப்பீடு கேட்பது? 2014-இல் பேசின கூலியே ஒழுங்காகக் கைக்கு வரவில்லை, 2021 கடைசியில் பேசி முடித்த உயர்வும் வரவில்லை என்றுதான் 2022-இல் தறியை நிறுத்தினோம். 2025-இல் மறுபடியும் நிறுத்தி, உண்ணாவிரதம் வரை போக வேண்டியிருந்தது. விசைத்தறிக்கு அரசு இலவச மின்சாரம் தருகிறதே என்பார்கள். தருகிறது, நன்றி. காதைக் கொடுத்து நெய்த துணிக்குப் பேசின கூலியைக் கொடுங்கள் என்பது வேறு விஷயம். இந்தக் கூலிப் பேச்சில் ஒரு தடவைகூட எங்கள் காதைப் பற்றி யாரும் பேசினதில்லை, எங்கள் ஆட்கள் உட்பட. அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். என் அனுபவம் எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. என்னைவிட மோசமாக அவதிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் ‘ஃபேனைப் போட்டுத் தூங்குங்கள்’ என்று சொல்கிற தைரியம் எனக்கில்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வருகிற அளவுக்கு இருந்தால் இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். சில அறிகுறிகள் இருந்தால் காத்திருக்கவே கூடாது. ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து தப் தப் என்று கேட்பது, கூடவே தலைசுற்றல், இதெல்லாம் இருந்தால் கட்டாயம் காது மருத்துவரைப் பார்க்க வேண்டும், சிலருக்கு ஸ்கேன் எடுப்பார்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே ஓடுங்கள், முதல் சில நாட்களுக்குள் மருந்து கொடுத்தால்தான் பலன் அதிகம். காசநோய்க்கு ஊசி, புற்றுநோய்க்கு மருந்து, அதிக அளவில் ஆஸ்பிரின் எடுத்துக்கொள்கிறவராக இருந்தால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சில மருந்துகளாலும் இது வரும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கும், கேட்புத்திறன் சோதனைக்கு அங்கே பெரிய செலவு ஆகாது. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள், கூட்டம் இருக்கும். அவர்கள் கேட்காவிட்டாலும் உங்கள் வேலை என்ன, எத்தனை வருஷம் இரைச்சலில் இருந்தீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள். சோதனைத் தாளில் ஒரு நகல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருஷம் எடுக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.