தலையில் அடிபட்ட கணவர்: 15 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறோம். கணவருக்கு வயது 34. மணலியில் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி மாதம் 20,000 ரூபாய் சம்பாதித்தார். ஒன்றரை வருடம் முன்பு எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் லாரி மோதி, தலையில் ஆபரேஷன் நடந்தது. இப்போது நடக்கிறார், பேசுகிறார். ஆனால் காலையில் சொன்னது மதியம் நினைவில் இல்லை. சின்ன விஷயத்துக்கும் கத்துகிறார். வேலை போய்விட்டது. மெடிக்கல் போர்டு 35 சதவீத ஊனம் என்று கொடுத்திருக்கிறது. இழப்பீட்டு வழக்கை மக்கள் நீதிமன்றத்தில் 15 லட்சத்துக்கு முடிக்கலாம் என்கிறது இன்சூரன்ஸ் தரப்பு. வாங்கிக்கொள் என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கடன்காரர் வாசலில் நிற்கும்போது மாமியார் சொல்வதும் நியாயம்தான். ஆனால் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) சமரசமாக முடிந்தால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் நஷ்டம் எதுவும் இல்லை. வழக்கு மறுபடி விபத்து இழப்பீட்டை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கே வந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். சம்பளத்துடன் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 28,000. அதைப் பன்னிரண்டு மாதத்தால் பெருக்கி, பெருக்கெண்ணாலும் (வயதைப் பொறுத்து ஆண்டு வருமானத்தைப் பெருக்கும் எண்; 34 வயதுக்கு 16) பெருக்கினால் மொத்தம் 53,76,000. அதில் 35 சதவீதமே 18,81,600. மெடிக்கல் போர்டு கொடுத்த கணக்கிலேயே 15 லட்சம் குறைவு. மருத்துவச் செலவும் வலி வேதனைக்கான தொகையும் இதில் சேரவே இல்லை.

அந்த 35 சதவீதமும் உடலுக்கான கணக்குதான். அவரால் இனி எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. காலையில் சொன்னதை மதியம் மறப்பவரிடம் எந்த யார்டில் ஃபோர்க்லிஃப்ட் சாவியைக் கொடுப்பார்கள்? வருமான இழப்பு 100 சதவீதம் என்றே வாதாடலாம்.

சிக்கல் என்னவென்றால், கூண்டில் ஏறினால் பெயர், ஊர், பிள்ளைகள் என்று எல்லாவற்றுக்கும் டக்கென்று பதில் சொல்லிவிடுவார். ‘ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் உட்கார்ந்துவிடுவார். அதனால் நினைவாற்றல், கவனம், கோபக் கட்டுப்பாடு பற்றி மருத்துவ உளவியலாளரின் பரிசோதனை அறிக்கை வேண்டும். ஆபரேஷன் செய்த டாக்டரும் யார்டு சூப்பர்வைசரும் சாட்சி சொல்ல வேண்டும். நீங்களும் ஒரு நோட்டில் நடப்பதைத் தேதி போட்டு எழுதுங்கள்: உதாரணமாக, பால் வாங்கத் தேரடிக்குப் போனவர் வழி தெரியாமல் நின்றது, கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்தது. ‘ஞாபக மறதி உண்டு’ என்ற ஒற்றை வரியை விட இது எவ்வளவோ மேல்.

அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றால் அந்தச் செலவையும் மனுவில் கேளுங்கள். மனைவிதானே பார்க்கிறாள் என்று விட்டுவிடாதீர்கள். காஜல் எதிர் ஜகதீஷ் சந்த் வழக்கில் (2020) மூளையில் காயமடைந்த சிறுமிக்கு உதவியாளர் செலவையும் பெருக்கெண் முறையிலேயே உச்ச நீதிமன்றம் கணக்கிட்டது.

இன்னொன்று, மனு யார் பெயரில் இருக்கிறது? விஷயம் புரிந்து முடிவெடுக்க அவரால் முடியவில்லை என்றால், சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 32-இன்படி அவர் சார்பில் நீங்கள் வழக்கு நண்பராக வர அனுமதி கேட்க வேண்டும். அப்புறம் சமரசம் என்றாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். இப்போது நீட்டும் தாளில் அவரைக் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

வக்கீல் கட்டணம்தான் கவலை என்றால் இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு கிடையாது.