ஸ்கிரீன் வைத்த ஃப்ரிட்ஜும் நடுராத்திரி ஏசியும்

வாசகர் கேள்வி – பதில்

இணையத்தோடு இணையும் வீட்டுச் சாதனங்களைப் பற்றி பெங்களூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. சாதனப் பழுதுபார்ப்பிலும் நெட்வொர்க் வேலையிலும் இருப்பவர்கள் பதில் தருகிறார்கள்.

எங்கள் ஃப்ரிட்ஜுக்கு 14 வயதாகிவிட்டது, மாற்றப் போகிறோம். கடையில் கதவிலேயே பெரிய ஸ்கிரீன் வைத்த ஸ்மார்ட் ஃப்ரிட்ஜை எடுக்கச் சொல்கிறார்கள். மகனுக்கும் அதில்தான் கண். கூடுதல் பணத்துக்குத் தகுமா?
– வாசகி, அல்சூர்

14 வருஷம் உழைத்திருக்கிறதே, அந்தக் கணக்கை வைத்தே யோசியுங்கள். புதிதாக வாங்குவதும் அவ்வளவு நாள் வரவேண்டும் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். கம்ப்ரசர் வரும். கதவு ஓரத்து ரப்பர் (கேஸ்கெட்) கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஸ்கிரீனுக்குள் ஓடும் மென்பொருள் அத்தனை நாள் வராது. அது கதவில் பதித்த டேப்லெட்தான். ஐந்தாறு வருஷமான டேப்லெட்டில் ஆப்கள் எப்படித் திணறுமோ, இதிலும் அப்படியே. டேப்லெட்டைத் தூக்கிப் போட்டு வேறு வாங்கலாம், ஃப்ரிட்ஜ் கதவை என்ன செய்வீர்கள்?

நடந்ததையே சொல்கிறோம். கூகுள் தன் காலண்டர் சேவையின் பழைய இணைப்பு முறையை 2014-இல் நிறுத்தியது. சாம்சங்கின் சில ஸ்மார்ட் ஃப்ரிட்ஜ்களில் காலண்டர் அதோடு வேலை செய்யாமல் போனது. ஃப்ரிட்ஜில் ஒரு பழுதும் கிடையாது. மறுமுனையில் இருந்த கதவை யாரோ சாத்திவிட்டார்கள், அவ்வளவுதான். 2025-இல் அமெரிக்காவில் சாம்சங், ஏற்கெனவே விற்ற ஸ்கிரீன் ஃப்ரிட்ஜ்களில் அப்டேட் வழியாக விளம்பரம் காட்டத் தொடங்கியது. முழுப்பணம் கொடுத்து வாங்கி அடுக்களையில் நிறுத்திய பொருளின் முகத்தை விற்றவரே பிறகு மாற்ற முடிகிறது என்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

வாரண்டி அட்டையை நிதானமாகப் படியுங்கள். "10 வருஷம்" என்று பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும். பிசிபி போர்டு என்ற மின்னணுப் பலகை, ஸ்கிரீன், கேமரா எல்லாம் பொதுவாக ஒரே வருஷம். ஸ்கிரீனுக்குப் போகும் வயர் கட்டு கதவின் கீல் வழியாகத்தான் வருகிறது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை கதவைத் திறக்கிற வீட்டில் அந்த வயரும் அத்தனை தடவை வளைகிறது. முதலில் ஸ்கிரீன் விட்டு விட்டு மினுக்கும், பிறகு ஒரு கோணத்தில் கதவு நிற்கும்போது மட்டும் எரியும், கடைசியில் கறுத்துவிடும். அந்த மாடலின் ஸ்கிரீன் அப்போது கிடைக்க வேண்டும், கிடைத்தாலும் விலை கட்டுப்படியாக வேண்டும்.

உள்ளே இருக்கும் கேமராவைக் காட்டித்தான் கடைக்காரர் அசத்துவார். 2024-இல் சாம்சங் கொண்டுவந்த கேமரா வசதி அறிமுகத்தின்போது 33 வகைப் பொருளை அடையாளம் காணும் என்றார்கள். பெரும்பாலும் காயும் பழமும். நம் ஃப்ரிட்ஜில் இருப்பது என்ன? எவர்சில்வர் டப்பாவில் தோசை மாவு, கிண்ணத்தில் நேற்றைய வத்தக்குழம்பு, மஞ்சள் பையில் சுற்றிய கறிவேப்பிலை. மூடிய பாத்திரத்துக்குள் எந்தக் கேமராவாலும் பார்க்க முடியாது. மாவு புளித்துவிட்டதா என்பதற்கு மூடியைத் திறந்து முகர்ந்துதான் ஆகவேண்டும்.

ஆகவே, வேண்டாம். அதே லிட்டர் கொள்ளளவில் ஸ்கிரீன் இல்லாத இன்வெர்ட்டர் மாடலைப் பாருங்கள். நட்சத்திர லேபிளில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை ஒப்பிட்டு எடுங்கள். மகன் பிடிவாதம் பிடித்தால், வாங்குமுன் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: இந்த மாடலுக்கு எந்த வருஷம் வரை பாதுகாப்பு அப்டேட் வரும், வைஃபை இல்லாமல் எந்தெந்த பட்டன் வேலை செய்யும், ஸ்கிரீன் கெட்டால் ஃப்ரிட்ஜின் குளிரை எங்கே கூட்டிக் குறைப்பது? பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எவ்வளவு காலம் அப்டேட் தருவோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லியே விற்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே நாமாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பின்னால் தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்க அந்த மின்னஞ்சல் கையில் இருக்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனால் திரும்ப ஒரு வாரமாகும். கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் அணைந்தால் ஸ்மார்ட் ஃப்ரிட்ஜ் போனுக்குச் செய்தி அனுப்புமாமே?
– வாசகர், விவேக்நகர்

கதவு சரியாக மூடாமல் உள்ளே சூடு ஏறினால் அனுப்பும். பெஸ்காம் (பெங்களூர் மின் வாரியம்) கரண்ட் போனால் அனுப்பாது. ஃப்ரிட்ஜே அணைந்து கிடக்கும்போது எதைக் கொண்டு செய்தி அனுப்பும்? கூடவே ரவுட்டரும் அணைந்திருக்கும். ரவுட்டருக்கு 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் வாங்கி மாட்டினாலும், ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் வேண்டும். அடுக்குமாடிகளில் கீழ்த்தளத்தில் இருக்கும் இணையக் கம்பெனியின் ஸ்விட்சுக்கும் மின்சாரம் இருக்க வேண்டும். எந்த நேரத்துக்காக அந்த வசதியை நம்பினீர்களோ, அந்த நேரத்தில்தான் அது கையை விரிக்கிறது.

இதற்கு ஒரு எளிய வழி. கிளம்பும் முந்தின நாள் ஒரு டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் வைத்து ஃப்ரீசரில் உறைய விடுங்கள். நன்றாகக் கட்டியானதும் மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் பனி உருகவில்லை. பாதியில் புதைந்திருந்தால் ஓரளவு உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அடியில் கிடந்தால் முழுக்க உருகியிருக்கிறது. ஃப்ரீசரில் இருந்த மீன், கறியை யோசிக்காமல் எறிந்துவிடுங்கள், கட்டியாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம்.

கதவைத் திறக்காமல் விட்டால் ஃப்ரிட்ஜ் பகுதி சுமார் 4 மணி நேரம் குளிரைத் தாங்கும். ஃப்ரீசர் நிறைய இருந்தால் ஏறக்குறைய 48 மணி நேரம், பாதி காலியென்றால் 24. காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை முக்கால் நிரப்பி வைத்துவிட்டுப் போங்கள். ஃப்ரிட்ஜுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். உள்ளே 4 டிகிரிக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும், ஃப்ரீசர் மைனஸ் 18.

ஒயிட்ஃபீல்டில் ஃபர்னிஷ்டு ஃப்ளாட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம். இணைய இணைப்பும் வீட்டு ஓனருடையதே. படுக்கையறை ஏசி சில நாள் நடுராத்திரி தானாக ஓடுகிறது. மெக்கானிக் வந்து பார்த்து ஏசியில் பழுதில்லை என்கிறார்.
– வாசகி, ஒயிட்ஃபீல்டு

முன்பு குடியிருந்தவரின் போனில் அந்த ஏசி இன்னும் இருக்கக்கூடும். அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைக்க வேண்டாம். எப்போதோ போட்டுவைத்த டைமர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆனால் அவர் போனிலிருந்து உங்கள் படுக்கையறைச் சாதனத்தை இயக்க முடிகிறது, நீங்கள் எப்போது ஏசி போடுகிறீர்கள் என்பதும் தெரிகிறது என்றால் அதை இன்றைக்கே அறுக்க வேண்டும்.

ஓனரிடம் சொல்லி முதலில் வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். அந்த நிமிஷமே ஏசியும் மற்றச் சாதனங்களும் இணையத்திலிருந்து அறுந்துவிடும். ரிமோட்டில் ஏசி வழக்கம்போல் ஓடும். பாஸ்வேர்டு மாற்றிய பிறகும் தானாக ஓடினால் ரிமோட்டில் டைமர் போட்டிருக்கிறதா பாருங்கள்; கரண்ட் வந்ததும் தானே ஓடத் தொடங்கும் 'ஆட்டோ ரீஸ்டார்ட்' வசதியும் காரணமாக இருக்கலாம்.

அடுத்தது ஏசியின் வைஃபை ரீசெட். எந்த பட்டனை எத்தனை நொடி அழுத்துவது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டில் இருக்கும். சில கம்பெனிகளில் ரீசெட் செய்தாலும் பழைய கணக்கின் பதிவு அவர்கள் சர்வரில் நீங்காது. உங்கள் போனில் சேர்க்கப் போனால் "ஏற்கெனவே வேறொருவர் கணக்கில் உள்ளது" என்று வரும். பழைய குடித்தனக்காரர் தன் ஆப்பிலிருந்து நீக்க வேண்டும். அவரைப் பிடிக்க முடியாவிட்டால் ஓனர் பெயரிலுள்ள பில்லோடு கம்பெனியின் சேவை மையத்தில் சொல்லி நீக்கச் சொல்லுங்கள்.

ஏசியைவிட எங்களுக்குக் கவலை உங்கள் வாசல் கதவு. அதில் ஸ்மார்ட் பூட்டு இருக்கிறதா? இருந்தால் பதிவான விரல் ரேகை, பின் நம்பர், கார்டு அத்தனையையும் அழித்துவிட்டு, மாஸ்டர் பின்னையும் மாற்றிப் புதிதாகப் போடுங்கள். சாவித் துளை உள்ள பூட்டென்றால் எத்தனை சாவி, யாரிடம் என்று கேட்டு வாங்குங்கள். சாவித் துளை இல்லாத பூட்டில், வெளிப்பக்கம் அடியில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகளோ ஒரு யூஎஸ்பி துளையோ இருக்கும். உள்ளே பேட்டரி செத்தால் அந்தப் புள்ளிகளில் 9 வோல்ட் பேட்டரியைத் தொட வைத்து பின்னை அடிக்கலாம். அந்தப் பேட்டரி வீட்டுக்குள் இருந்து பயனில்லை, பக்கத்து வீட்டில் ஒன்று கொடுத்து வையுங்கள்.

ஃப்ரிட்ஜை யாராவது ஹேக் செய்து என்ன எடுத்துவிடப் போகிறார்கள்? அப்படியே பயம் என்றால் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், ஹொரமாவு

ஃப்ரிட்ஜுக்குள் இருப்பதை யாரும் எடுக்கப் போவதில்லை. ஃப்ரிட்ஜ் வழியாக உள்ளே வருவதுதான் விஷயம். 2015-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஒரு சாம்சங் ஸ்மார்ட் ஃப்ரிட்ஜைச் சோதித்தபோது, தான் பேசுவது உண்மையான கூகுள் சர்வரோடுதானா என்று அது சரிபார்க்கவில்லை எனத் தெரிந்தது. அதே வைஃபைக்குள் வந்துவிட்டவரால் வீட்டுக்காரரின் ஜிமெயில் பாஸ்வேர்டை எடுக்க முடியும். 2016-இல் மிராய் என்ற தீநிரல், கேமராக்களிலும், அவற்றின் காட்சியைப் பதிவுசெய்யும் டிவிஆர் பெட்டிகளிலும் தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பிய பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான சாதனங்களைக் கைப்பற்றியது. அக்டோபர் 21 அன்று அந்தச் சாதனங்கள் சேர்ந்து தாக்கியதில் ட்விட்டர் உட்படப் பல தளங்கள் பல மணி நேரம் முடங்கின.

வீட்டில் செய்ய வேண்டியது ஒரு மணி நேர வேலை. ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. போன் பிரவுசரில் அதைப் போட்டு உள்ளே போய் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இது வைஃபை பாஸ்வேர்டு அல்ல, வேறு. பிறகு 'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற தனி வைஃபையை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயக்கி, அதற்கொரு தனிப் பெயரும் குறைந்தது 12 எழுத்துள்ள பாஸ்வேர்டும் கொடுங்கள். ஃப்ரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின், பல்பு எல்லாம் அதில் மட்டும். வங்கி வேலை பார்க்கும் போனும் லேப்டாப்பும் முதன்மை நெட்வொர்க்கில். கெஸ்டில் இருப்பவை முதன்மையில் இருப்பதைப் பார்க்க அனுமதிக்கும் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பாஸ்வேர்டு அடிக்காமலே பட்டனால் சாதனத்தைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ், சாதனங்கள் தாமாகவே ரவுட்டரில் வெளிவழி திறந்துகொள்ளும் யூபிஎன்பி இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது: வீட்டுச் சாதனங்கள் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தெரியாது, வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தாலும் சேராது. கெஸ்ட் நெட்வொர்க்கில் டபிள்யூபிஏ2 வையுங்கள். சேர்க்கும் நேரத்தில் மட்டும் போனையும் அதே நெட்வொர்க்குக்கு மாற்றுங்கள். ஆப் அப்போது இருப்பிட அனுமதி கேட்கும், கொடுங்கள். இணைந்ததும் போன் செட்டிங்ஸில் போய் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்பு எண்களைக் கேட்டால் கொடுக்கவே வேண்டாம், ஃப்ரிட்ஜுக்கு உங்கள் மாமா நம்பர் எதற்கு?

கீசரை ஸ்மார்ட் பிளக்கில் மாட்டி காலை 5 மணிக்கு ஓட விடலாமா?
– வாசகி, மர்ஃபி டவுன்

பிளக்கில் என்ன ஆம்பியர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும், 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13. 10 ஆம்பியர் பிளக்கில் 3000 வாட்டை மாட்டினால் உருகக்கூடும். 16 ஆம்பியர் பிளக்காக இருந்தாலும் சுவர் சாக்கெட் தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடேறும். கீசரை 15 நிமிஷம் ஓட விட்டு அணைத்த பிறகு பிளக்கின் பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடோ, பின்களைச் சுற்றிப் பழுப்பு நிறமோ, கருகிய வாடையோ இருந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் எலிமென்ட்டில் உப்பு படிந்து கீசர் கூடுதல் நேரம் ஓடும், பிளக்குக்கும் அந்தச் சுமை.

கெட்ட பழக்கம் இன்னொன்றும் இதற்கு உண்டு. கரண்ட் போய் வந்தால் சில பிளக்குகள் தானே 'ஆன்' நிலைக்குப் போகும். வீட்டில் ஆளில்லாமல், டேங்கிலும் தண்ணீர் இல்லாத நாளில் இது நடந்தால் ஆபத்து. ஆப்பில் கரண்ட் வந்த பின் நிலை என்ன என்ற செட்டிங் இருக்கும், அதை 'ஆஃப்' என்று மாற்றுங்கள். பிளக்குக்குள் மின்சாரத்தை இணைத்து அறுக்கும் ரிலேயின் முனைகள் சூட்டில் ஒட்டிக்கொண்டால், ஆப்பில் அணைந்ததாகக் காட்டும், கீசர் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது காப்பாற்றுவது கீசரின் தெர்மோஸ்டாட்டும், சூடு மீறினால் அணைக்கும் கட்அவுட்டும் மட்டுமே.

ஸ்மார்ட் பிளக் வேண்டாம். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, கீசர் லைனில் 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் ஓடியிருக்கிறதா என்று பார்த்து, டிபி போர்டில் (வீட்டின் மின்விநியோகப் பெட்டியில்) கீசரின் சுமை தாங்கும் டைமர் ஸ்விட்ச் ஒன்று போடச் சொல்லுங்கள். அது வைஃபை இல்லாமல் ஓடும், கம்பெனி சர்வரை மூடினாலும் 5 மணிக்கு ஓடும்.

பழைய ஸ்மார்ட் டிவியை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் போகிறோம். ஏதாவது செய்ய வேண்டுமா?
– வாசகர், ஆஸ்டின் டவுன்

டெலிவரி ஆள் வாசலில் நிற்கும்போது செய்ய நேரம் இருக்காது, முந்தின நாளே செய்யுங்கள். டிவியில் யூடியூப், ஓடிடி கணக்குகள் ஒவ்வொன்றிலிருந்தும் வெளியேறி, செட்டிங்ஸில் ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். பிறகு போனில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் 'உங்கள் சாதனங்கள்' பட்டியலைத் திறந்து அந்த டிவியை நீக்குங்கள். ஸ்கிரீன் உடைந்து ரீசெட் கொடுக்க முடியாத டிவி என்றால் போனிலிருந்து நீக்குவதும், வைஃபை பாஸ்வேர்டையும் ஓடிடி பாஸ்வேர்டுகளையும் மாற்றுவதும் கட்டாயம்.