மாமா சிரிக்கட்டும்

கேள்வி: இம்முறை, மழையை நம்பி விதைக்கும் முன்மாரிக்கு வைக்கோலை எரிக்காமல் உழுது புரட்டி, புழுதியிலேயே விதைத்தேன். மழை விழுந்து மூன்று வாரம். பயிர் மஞ்சளாக நிற்கிறது. வைக்கோலை எரித்த பக்கத்து வயலோ கரும்பச்சை. மாமா சிரிக்கிறார். நானும் எரித்திருக்க வேண்டுமா?
– வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: மாமா சிரிக்கட்டும் தம்பி. எரிக்காதது பிழையில்லை, புரட்டிய காலம்தான் பிழை.

ஒரு பயிரைப் பிடுங்கிப் பாருங்கள். அடியிலை மஞ்சளாகி, குருத்து பச்சையாக இருந்தால் நைதரசன் குறைவு. வைக்கோலில் காபன் ஏறக்குறைய 40 வீதம், நைதரசன் 0.6 வீதம்தான். அதைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கோ 24 பங்கு காபனுக்கு ஒரு பங்கு நைதரசன் வேண்டும். அதாவது 100 கிலோ வைக்கோலுக்கு 1.6 கிலோவுக்குச் சற்று மேல் நைதரசன் வேண்டும், இருப்பது 0.6 கிலோ; ஒரு கிலோ அளவு குறைகிறது. அதை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. வேரைவிட அவற்றுக்குக் கை நீளம்.

முன்மாரியில் இன்னொரு சங்கடம். புழுதியில் ஈரமில்லாததால் அவை உறங்கிக் கிடக்கும். முதல் மழையில் நெல்லும் அவையும் ஒரே நாளில் கண்விழித்தால் பந்தியில் யார் முந்துவது? எரித்த வயலில் பந்திக்கு ஆளே இல்லை. அவ்வளவுதான் அந்தக் கரும்பச்சை. ஆனால் வைக்கோலின் நைதரசன் பெரும்பாலும் அங்கே புகையாகப் போய்விட்டது.

நானும் பட்டவன்தான். கல்லடியில் வீட்டுக்குப் பின்னால், மணற்பாத்தியில் நான்கு விரற்கடை மரத்தூளைக் கலந்து கத்தரி நட்டேன். கன்றுகள் ஒரு சாணோடு நின்றன. இலை எலுமிச்சம்பழ நிறம். சந்தையில் கத்தரிக்காய் வாங்கிவந்த மனைவி, அதை அந்தப் பாத்தி ஓரத்தில் வைத்தே நறுக்கினார். அடுத்த வருடம் அதே பாத்தியில் எருவே போடாமல் வெண்டி மதாளித்தது. வாங்கிய கடனை, செத்த நுண்ணுயிர்கள் மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்திருந்தன.

உங்கள் வயலும் திருப்பிக் கொடுக்கும். பயிர்தான் அதுவரை காத்திராது. அடுத்த தவணைக்கு வைத்திருக்கும் யூரியாவில் ஒரு பகுதியை இப்போதே எறியுங்கள். கனமழைக்கு முதல்நாள் வேண்டாம். இனி, வெட்டு முடிந்து நிலத்தில் ஈரம் இருக்கும்போதே வைக்கோலைப் பரப்பிப் புரட்டுங்கள். மாட்டெருவும் கிளிசரியா மரத்தின் இலையும் சேர்ந்தால் இன்னும் நல்லது. கிளிசரியாவில் குச்சியை உருவி எறிந்துவிட்டு இலையை மட்டும் போடுங்கள். குச்சி, மரத்தூளின் தம்பி.