தாத்தாவின் கேப் துப்பாக்கி என்ன விலை போகும்? பெங்களூரு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

குழல் வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கிகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்திருக்கிறோம். கேப் என்பது அடித்தால் தீப்பொறி தரும் சின்னத் தொப்பி. அதை மாட்டும் முனை நிப்பிள், அதை அடிக்கும் சுத்தியல் போன்ற பாகம் குதிரை, குதிரையை இயக்கும் பொறியமைப்பு லாக், இவற்றைத் தாங்கும் மரப்பகுதி கட்டை.

கேள்வி: தாத்தா கேஜிஎஃப்பில் வேலை பார்த்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் வாங்கிய கேப் ரைபிள், மரப்பெட்டியோடு எங்களிடம் இருக்கிறது. சொல்லிச் செய்வித்தது என்பார். லைசென்ஸ் அப்பா பெயரில். அவர் சென்ற மாதம் காலமானார். அண்ணன் தம்பிக்குள் பங்கு பிரிக்க வேண்டும். என்ன மதிப்பு? (அல்சூர்)

பதில்: மதிப்புக்கு முன் இரண்டு வேலைகள். லைசென்ஸ்காரர் காலமான பிறகு துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க உங்களுக்கு உரிமை இல்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி, அங்கேயோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு என்ற முறையில் 2016 ஆயுத விதிகளின்படி போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். ‘பழம்பொருள்தானே, லைசென்ஸ் எதற்கு’ என்று பலர் நினைக்கிறார்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்குத் தருவது, பழுது பார்த்தாலும் சுட முடியாத பொருளுக்கு மட்டுமே. உங்களுடையது அப்படி அல்ல. விலக்குக் கிடைக்கும் என்று குழலைத் துளைத்துவிடாதீர்கள். மதிப்பு அத்தோடு போயிற்று.

இரண்டாவது, உள்ளே மருந்து இருக்கிறதா என்பது. கெட்டித்த கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் கழித்தும் வெடிக்கும். நிப்பிளில் கேப் இல்லை என்பதை முதலில் பாருங்கள். வாய்க்கு நேரே தலையைக் கொண்டுபோகாமல், கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் மெதுவாக அடிவரை விடுங்கள். வாயோரத்தில் கோலின் மேல் பென்சில் குறி போட்டு வெளியே எடுத்து, குறி வாயோரத்தில் நிற்கும்படி குழலின் வெளிப்பக்கம் வைத்துப் பாருங்கள். காலிக் குழலில் கோலின் நுனி நிப்பிள் அருகே வந்து நிற்கும். பின்பகுதி அறை குறுகலான இங்கிலீஷ் துப்பாக்கிகளில் ஒரு விரலகலம் முன்னால் நிற்கலாம். மூன்று நான்கு செ.மீ. குறைந்தால் குண்டு உள்ளே இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, தொடாமல் லைசென்ஸ் பெற்ற கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம்) சொல்லுங்கள். சூடு காட்டுவதும் துளைபோடுவதும் வேண்டவே வேண்டாம்.

இனி மதிப்பு. குழலின் மேல் பொறித்த பெயரை மட்டும் நம்பாதீர்கள். லண்டன் துப்பாக்கித் தயாரிப்பாளர் மான்டனின் பெயரை ஊரெல்லாம் திருடிப் பொறித்திருக்கிறார்கள். குழலைச் சோதித்துப் பார்த்து இடும் சோதனைச் சாலை முத்திரைதான் சாட்சி. அது குழலின் அடியில், கட்டைக்குள் மறைந்திருக்கும். பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-ல் வந்தது. கிரீடத்தின் கீழ் குறுக்காக இரு செங்கோல்கள், பி.பி.சி., வி எழுத்துகள் அதன் அடையாளம். லண்டனுடையது கிரீடத்தின் கீழ் ஜி.பி., இன்னொரு கிரீடத்தின் கீழ் வி. ‘மான்டன்’ என்ற பெயருக்குக் கீழே முட்டைவட்டத்துக்குள் இ.எல்.ஜி. இருந்தால் அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சரக்கு. இங்கிலீஷ் முத்திரையின் பக்கத்தில் பெரும்பாலும் ஓர் எண் இருக்கும். 40 என்றால், ஒரு பவுண்டு ஈயத்தில் அந்தக் குழலுக்கான உருண்டை 40 வார்க்கலாம் என்று பொருள். துளை ஏறக்குறைய 12.4 மி.மீ. பெட்டியில் இருக்கும் குண்டு வார்ப்பிலும் அதே எண் இருந்தால் அது கூடவே பிறந்தது.

மதிப்பை ஏற்றுபவை: மூலப் பெட்டி, மூடியின் உட்பக்கத்தில் தயாரிப்பாளர் ஒட்டிய லேபிள் (கடை மாறியபோதெல்லாம் முகவரி மாறியதால் காலத்தைக் கணிக்கலாம்), மருந்துக் குடுவை, வார்ப்பு, நிப்பிள் சாவி, யாருக்காகச் செய்தது என்று காட்டும் காகிதம். இறக்குபவை: வாய்ப்பக்கம் அறுத்துக் குட்டையாக்கிய குழல், சிதைந்த திருகுத் தலைகள், எமரித்தாள் பட்ட பளபளப்பு, வார்னிஷ் அடித்த கட்டை. விளக்கு விட்டுக் குழலுக்குள் பாருங்கள். புரிகள் (குழலின் உட்புறச் சுழல் வெட்டுகள்) வாயருகே கூராக இருந்து அடிப்பக்கம் குழிகுழியாக அரித்திருப்பதுதான் வழக்கமான நோய்.

ரூபாயில் எவ்வளவு? லண்டன் ஏல விலையைக் காட்டி யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், பங்கு பிரிக்காதீர்கள். நூறு வருடம் தாண்டிய பொருளை 1972 தொல்பொருள் சட்டப்படி நீங்கள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உள்நாட்டில் வாங்குபவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும், அதிலும் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். விற்பதற்கு 45 நாள் முன்பே எழுத்தில் தகவல் தர வேண்டும். வாங்கத் தகுதியுள்ளவர் சிலரே என்னும்போது விலை அவர்கள் கையில்தான். லைசென்ஸ் பெற்ற டீலர் இருவரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, நடுத்தொகையை வைத்துக் கணக்குத் தீர்த்து, ஒருவர் பெயருக்கு மாற்றிக்கொள்வதே சண்டை இல்லாத வழி.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மச்சான், கைவினைஞர் ஒருவர் புதிதாகச் செய்த சக்கிமுக்கி ரைபிள் வாங்கியிருக்கிறார். அங்கே லைசென்ஸே வேண்டாமாம். எனக்குக் கொண்டுவந்து தரட்டுமா? கொடுத்த விலை நியாயமா? (ஒயிட்ஃபீல்டு)

பதில்: வேண்டாம். அங்கே 1968-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் இவ்வகையைப் பழம்பொருளாகக் கருதி விட்டுவிடுகிறது. இங்கே அது முழுத் துப்பாக்கி. இறக்குமதி லைசென்ஸ் இல்லாமல் கெம்பேகவுடா விமான நிலையத்தில் இறங்கினால் மச்சானுக்குத்தான் வினை.

விலை விஷயத்தில், குழலும் லாக்கும் கடையில் கிடைக்கும் பாகங்கள். காசு போவது அவற்றை மரத்தில் பதிக்கும் கைக்கு. லாக் தகட்டைச் சுற்றி ஒரு தாள்கூட நுழையாத அளவுக்கு மரம் ஒட்டியிருக்கிறதா, கட்டையின் மெலிந்த கைப்பிடிப் பகுதியில் மரநார் நேராக ஓடுகிறதா, குதிரையை விட்டால் தீப்பொறி மருந்துக் கிண்ணியின் நடுவில் விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெயர் பெற்றவர் குழல் மேல் கையொப்பமிட்டிருந்தால் ஒழிய, இரண்டாம் கையில் செய்கூலி திரும்பாது. வாங்கியவரின் கை நீளத்துக்கு அளவெடுத்த கட்டை எல்லார் தோளுக்கும் பொருந்தாததும் ஒரு காரணம். மேப்பிள் மரத்தில் புலிக்கோடு அழகாக ஓடுவது கண்ணுக்கு விருந்து, அவ்வளவே.

கேள்வி: லைசென்ஸ் உள்ள கேப் துப்பாக்கி. சுட்டபின் எண்ணெய் போட்டுத் துடைத்தே வைக்கிறேன், ஆனாலும் துரு. (கே.ஆர்.புரம்)

பதில்: எண்ணெய்தான் தவறு. கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் உப்பாகவும் கசடாகவும் மிஞ்சும். அது காற்றின் ஈரத்தை இழுக்கும், தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெய் ஊற்றினால் தார் போலக் குழைந்து, அடியில் துரு வேலை செய்யும்.

அன்றைக்கே கழுவுங்கள். குதிரையைப் பாதி நிலையில் வைத்து, குழலைப் பிணைக்கும் ஆப்பைத் தட்டி எடுத்து, குழலைக் கட்டையிலிருந்து தூக்குங்கள். நிப்பிளைச் சாவியால் கழற்றி, குழலின் அடிப்பக்கம் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீர் வாளியில் மூழ்கட்டும். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டுப் போதும். ஈரத்துணி சுற்றிய கோலைப் பம்பு அடிப்பது போல இருபது தடவை ஏற்றி இறக்குங்கள். தண்ணீரை மாற்றித் தெளியும்வரை செய்யுங்கள். கொதிநீர் சீக்கிரம் காயும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஆனால் அந்தச் சூட்டிலேயே ஆரஞ்சு நிறத் துருப்படலம் பூக்கும். பிறகு உலர்துணி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணி, கடைசியில்தான் எண்ணெய். மறுநாள் ஒரு வெள்ளைத்துணி விட்டுப் பாருங்கள். பழுப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை.

கோல் வாயோரத்தில் உராய்ந்தால் அங்கேதான் புரி தேயும். கோலில் பித்தளைக் கூம்பு மாட்டிக்கொள்ளுங்கள். குழல் ஆணியடித்த வகையாக இருந்தால் ஒவ்வொரு முறையும் பிடுங்காதீர்கள், கட்டை பிளக்கும். பற்றுவாயை (தீ உள்ளே போகும் துளையை) பல்குத்தும் குச்சியால் அடைத்து, நீர் ஊற்றிக் கவிழ்த்துக் கழுவலாம். அடுத்த முறை சுடும் முன் எண்ணெயை முழுக்கத் துடைக்காவிட்டால் மருந்து நமுத்துக் கேப் மட்டும் வெடிக்கும். புகையற்ற நவீன மருந்தைச் சிட்டிகையும் கலக்காதீர்கள். அந்த அழுத்தத்தைக் குழல் தாங்காது.

கேள்வி: ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் இருக்க முடியாது. பிறகு கறை போகவில்லை. (விவேக் நகர்)

பதில்: குழைத்த சந்தனத்தின் ஈரமும் எலுமிச்சைச் சாறும் ஓர் இரவில் குழியிட்டுவிடும். முந்தின நாள் மெழுகு பூசிக் காயவிட்டு, பொட்டை ஒட்டுநாடாவின் மேல் இட்டுக் குழலில் ஒட்டுங்கள். மாலையைச் சாத்தாமல் பக்கத்தில் வையுங்கள். அன்று மாலையே எடுத்துத் துடையுங்கள். இருக்கிற கறையை எண்ணெய் தடவி ஓர் இரவு விட்டு, பித்தளைத் தகட்டின் ஓரத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். பழுப்பேற்றிய குழலில் ஸ்டீல் உல் கூடாது: அந்தப் பழுப்பே திட்டமிட்டு வளர்த்த துருதான், கறையோடு அதுவும் போய்விடும்.

கேள்வி: பித்தளைப் பாகங்களைப் புளி போட்டுத் தேய்க்கலாமா? தேங்காய் எண்ணெய்? (ஃபிரேசர் டவுன்)

பதில்: இரண்டும் வேண்டாம். புளி பல வருடத்து நிறத்தை எடுத்துவிடும், பாலிஷ் பசைகள் பொறிப்பு வேலையைத் தேய்க்கும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்துப் பித்தளையில் பச்சை பூக்கவைக்கும். மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெல்லிசாக, வருடம் இருமுறை. கட்டைக்கும் அதுவே போதும்.

கேள்வி: மழைக்காலத்தில் இரும்பு பீரோவில் எப்படி வைப்பது?

பதில்: உறையைக் கழற்றிவிட்டு. தோலும் ரெக்சினும் ஸ்பாஞ்சும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரமானி ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள். 45 முதல் 55 சதவீதம் நல்லது. 40-க்குக் கீழே போனால் மரம் சுருங்கி லாக்கின் பின்னால் விரிசல் விடும். நீல சிலிக்கா ஜெல் ரோஸ் நிறமானதும் மின் ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவையுங்கள். குழல்வாய் கீழே இருக்க, அடியில் துணி விரித்து நிறுத்துங்கள். வாய் மேலே இருந்தால் எண்ணெய் இறங்கி லாக்கைச் சுற்றிய மரத்தை ஊறவைத்து மென்மையாக்கும். குதிரையை இழுத்தபடி வைக்காதீர்கள், லாக்கின் ஸ்பிரிங் தளரும். வெளிச்சுவரை ஒட்டிய பீரோ என்றால் நகர்த்திப் போடுங்கள்.

கேள்வி: குடகு நண்பர் லைசென்ஸ் இல்லாமலே வைத்திருக்கிறார். அவரிடம் வாங்கலாமா?

பதில்: குடவ இனத்தவருக்கும் ஜம்மா (குடகின் பரம்பரை உரிமை) நிலம் உள்ளவர்களுக்கும் மத்திய அரசு தந்த விலக்கு அது, 2019-ல் பத்தாண்டுக்கு நீட்டித்தார்கள். விலக்கு ஆளுக்கு, துப்பாக்கிக்கு அல்ல. உங்கள் கைக்கு வந்தால் லைசென்ஸ் வேண்டும்.

கேள்வி: நிப்பிளின் முனை நசுங்கிவிட்டது. பீனியாவில் லேத்தில் கடைந்து தருகிறார்கள், செய்யலாமா? (யஷ்வந்த்பூர்)

பதில்: கேப் இல்லாமல் குதிரையைத் தட்டித்தட்டிப் பார்த்ததால் நசுங்கியது. துப்பாக்கியைப் பழுது பார்க்கவே தனி லைசென்ஸ் தேவை. லேத் பட்டறைக்கு அது இருக்காது. அதைவிடப் பெரிய சிக்கல் மரை. இன்றைய நகல் துப்பாக்கிகளில் பெரும்பாலும் கால் அங்குலத் தடிமனில் அங்குலத்துக்கு 28 மரை, அல்லது 6 மி.மீ. தடிமனில் 0.75 மி.மீ. இடைவெளி மரை. பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகளின் மரை அவற்றோடு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. கையால் திருகி இரண்டு மூன்று சுற்று சுலபமாக இறங்காத நிப்பிளைச் சாவி போட்டு முறுக்கினால் குழலின் மரை சிதையும். பின்பு சுடும்போது நிப்பிள் உங்கள் முகத்துக்கு வரும். பழைய நிப்பிளை எறியாமல் ஒரு சின்ன டப்பியில் போட்டு, குழலோடு சேர்த்துக் கன்ஸ்மித்திடம் கொடுங்கள். அளவெடுக்க அவருக்கு அதுதான் மாதிரி.