கேள்வி-பதில்: டாங்கிளுக்கு எந்த ஆன்டெனா? ஆம்ப் எதற்கு?

கணினியில் செருகி வானொலி அலைகளைப் பிடிக்கும் டாங்கிள் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் கருவி) பற்றியவை. மிச்சத்தில் பாதி, "நல்ல ஆன்டெனாவாக ஒன்று சொல்லுங்கள்" என்ற ஒற்றை வரி. எந்த அதிர்வெண், என்ன கேபிள், எத்தனை மீட்டர், ஆன்டெனா எங்கே இருக்கிறது? இந்த நான்கும் இல்லாத கடிதத்துக்கு என்னால் ஜோசியம்தான் சொல்ல முடியும். முன்பே சொன்னதுதான், மறுபடியும் சொல்கிறேன். சரி, கேள்விகளுக்கு வருவோம்.

என் டாங்கிள் 24 முதல் 1,700 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் என்கிறார்கள். இது முழுவதற்கும் பொருந்தும் ஒரே ஆன்டெனா எது?

டிஸ்கோன், அதாவது தட்டும் கூம்பும் சேர்ந்த வடிவ ஆன்டெனா. அகலமான பட்டையைப் பிடிக்கும், ஆனால் அதற்கென்று கெயின் (சிக்னலைக் கூட்டித் தரும் அளவு) எதுவும் கிடையாது. நீங்கள் தேடுகிற சிக்னலோடு, தேடாத எஃப்.எம். நிலையத்தையும் அதே கரிசனத்தோடு கொண்டுவந்து கொட்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் அதைச் சொல்வதில்லை. டாங்கிளோடு வரும் இழுத்து நீட்டும் கம்பிகளை வைத்து ஒரு டிப்போல், அதாவது இரு பக்கமும் சம நீளக் கம்பி நீட்டிய ஆன்டெனா, போடுங்கள். 71-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் ஒரு பக்கக் கம்பியின் நீளம் மீட்டரில் வந்துவிடும். 145-க்கு 49 சென்டிமீட்டர், 433-க்குப் பதினாறரை. அளவுகோலை எடுத்து இழுத்து வைத்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும். அனுப்புகிறவரின் ஆன்டெனா செங்குத்தாக நின்றால் உங்களுடையதும் நிற்கட்டும். படுக்கவைத்தால் 20 டெசிபல் வரை போய்விடும், அதாவது சிக்னலின் சக்தி நூறில் ஒன்றாகிவிடும். எந்த ஆம்பும் அதைச் சிரமமில்லாமல் மீட்டுத் தராது.

டிவி கேபிள் 75 ஓம், டாங்கிள் 50 ஓம். சேர்க்கலாமா?

தாராளமாக. பொருந்தாமையால் போவது 0.2 டெசிபல்கூட இல்லை. 1,000 மெகாஹெர்ட்ஸில் நல்ல ஆர்.ஜி.6 டிவி கேபிள் மீட்டருக்கு 0.2 டெசிபல் தின்னும். 50 ஓம் என்று பெருமையாக வாங்கும் ஆர்.ஜி.58 அதைப்போல மூன்று மடங்கு தின்னும்.

நோவா வானிலைச் செயற்கைக்கோள் படங்கள் முன்பு அருமையாக வந்தன. புதிதாக எல்.என்.ஏ. (இரைச்சலைக் குறைவாகச் சேர்க்கும் ஆம்ப்) வாங்கியதிலிருந்து ஒரு படமும் வரவில்லை. எல்.என்.ஏ. பழுதா?

எல்.என்.ஏ. மேல் பழி போடாதீர்கள். நோவா 15, 18, 19 மூன்றையும் 2025-ல் அணைத்துவிட்டார்கள். இல்லாத சிக்னலை எதைப் போட்டுப் பெருக்குவது? ரஷ்யாவின் மீட்டியோர் எம்2-3, எம்2-4 இரண்டையும் 137.1, 137.9 மெகாஹெர்ட்ஸில் தேடுங்கள். அவை டிஜிட்டல், அதனால் மென்பொருளையும் மாற்ற வேண்டும். ஆன்டெனா பழையதே போதும்: பக்கத்துக்கு 53 சென்டிமீட்டர், இடையில் 120 டிகிரி, தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் V வடிவ டிப்போல். செயற்கைக்கோளின் அலை சுழன்று வருவதால் இதில் 3 டெசிபல் நஷ்டம் உண்டு. ஆனால் தரையிலுள்ள நிலையங்கள் செங்குத்து ஆன்டெனாவிலிருந்து அனுப்பும் குப்பையை இது பெருமளவு தள்ளிவிடுகிறது. எனக்கு அது லாபமான வியாபாரம்.

மாடியில் ஆன்டெனா, அங்கிருந்து 10 மீட்டர் ஆர்.ஜி.58 கேபிள், கீழே கணினி. விமானங்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் 1,090 மெகாஹெர்ட்ஸில் அவை குறைவாக வந்ததால் 30 டெசிபல் ஆம்ப் ஒன்றை வாங்கி டாங்கிளை ஒட்டி மாட்டினேன். இப்போது விமானங்கள் முன்பைவிடக் குறைவு. வேறு அலைவரிசைக்குப் போனால் எங்கே பார்த்தாலும் எஃப்.எம். பாட்டு கேட்கிறது. இன்னும் சக்தி வாய்ந்த ஆம்ப் வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஒன்றைத் தவறான இடத்தில் மாட்டியதற்கு இரண்டாவதை வாங்குவது தீர்வல்ல. இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

முதலில் இடம். ஆம்ப் சிக்னலைத் தனியாகப் பொறுக்கியெடுத்துப் பெருக்குவதில்லை. வாசலுக்கு வந்ததை, இரைச்சல் உட்பட, அப்படியே பெருக்கித் தன் பங்குக்கும் கொஞ்சம் இரைச்சலைச் சேர்த்து அனுப்புகிறது. நமக்கு வேண்டியது சிக்னலின் உயரம் அல்ல, இரைச்சலுக்கு மேல் அது எவ்வளவு தலைதூக்கி நிற்கிறது என்பதுதான். 10 மீட்டர் ஆர்.ஜி.58-ல் 1,090 மெகாஹெர்ட்ஸ் வந்து சேர்வதற்குள் ஏறக்குறைய 6 டெசிபல் போய்விடும். டாங்கிள் தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சலின் அளவை, அதாவது இரைச்சல் எண்ணை, 6 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம்; இது குறையக் குறைய நல்லது. கேபிளின் 6-ஐயும் சேர்த்தால், ஆம்ப் இல்லாமல் உங்கள் அமைப்பின் மொத்த இரைச்சல் எண் 12. இரைச்சல் எண் 1, கெயின் 20 உள்ள ஒரு சாதாரண எல்.என்.ஏ.வைக் கீழே டாங்கிளுக்குப் பக்கத்தில் மாட்டினால் அது 7 ஆகும். அதே எல்.என்.ஏ.வை மேலே ஆன்டெனாவின் காலடியில் மாட்டினால் ஒன்றரை. ஒரே பொருள், ஒரே விலை, இடம் மட்டும்தான் வேறு. கேபிளில் தொலைந்தது தொலைந்ததுதான். தொலைவதற்கு முன்னால் பெருக்க வேண்டும்.

விற்கிறவர்களும் இதற்கு உடந்தை. அட்டைப் பெட்டியில் "30 டெசிபல்" என்று கட்டைவிரல் பருமனில் போடுகிறார்கள். இரைச்சல் எண்ணைத் தேடினால் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. இரைச்சல் எண் போடாத ஆம்பை வாங்காதீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி ஒன்றை வாங்கி, ஒரு வாரம் ஆன்டெனாவைத் திட்டிக்கொண்டிருந்தவன்தான்.

அடுத்தது திணறல். உங்கள் டாங்கிளில் இருப்பது, சிக்னலை எண்களாக்கும் 8 பிட் மாற்றி. மிகச் சிறிய சிக்னலுக்கும் மிகப் பெரிய சிக்னலுக்கும் நடுவே சுமார் 50 டெசிபல் இடம்தான் அதில் உண்டு. அதற்கு முன்னால் இருக்கும் ட்யூனரின் முதல் படியோ, நீங்கள் திரையில் பார்க்கும் 2.4 மெகாஹெர்ட்ஸை மட்டும் பார்ப்பதில்லை. அதற்கு எஃப்.எம்., செல்பேசிக் கோபுரம், பேஜர் எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது. அத்தனையையும் 30 டெசிபல், அதாவது ஆயிரம் மடங்கு, தூக்கி அதன் தலையில் போட்டிருக்கிறீர்கள். அது திணறும்போது சிக்னல்கள் ஒன்றோடொன்று கலந்து, காற்றில் இல்லவே இல்லாத பேய்களை உண்டாக்கும். எங்கே திரும்பினாலும் நீங்கள் கேட்கிற பாட்டு அந்தப் பேய்தான்.

பேயா நிஜமா என்று பார்ப்பது எளிது. கெயினை 10 டெசிபல் குறையுங்கள். நிஜமான சிக்னல் 10 இறங்கும். இப்படிப் பிறந்த பேய் 30 இறங்கும், பெரும்பாலும் சுவடு தெரியாமல் மறைந்தே போகும்.

இனி செய்ய வேண்டியது. ஆம்பைக் கழற்றுங்கள். கேபிளை ஆர்.ஜி.6 ஆக மாற்றுங்கள், அதிலேயே 4 டெசிபல் திரும்பிவிடும். அப்புறமும் போதவில்லை என்றால், 1,090-க்கான ஃபில்டரோடு வரும், 15 முதல் 20 டெசிபல் கெயின் உள்ள எல்.என்.ஏ.வை மாடியில், ஆன்டெனாவுக்குக் கீழேயே மாட்டுங்கள். பிறகு மென்பொருளில் தானியங்கிக் கெயினை அணைத்துவிட்டு, பூஜ்யத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். முதல் சில படிகளில் அடியில் இருக்கும் இரைச்சல் கோடு அசையாது, சிக்னல் மட்டும் உயரும். ஒரு கட்டத்தில் கோடும் சேர்ந்து எழும்பத் தொடங்கும். அங்கேயே ஓரிரு படிக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் திரை பளிச்சென்று ஆகும், விமானங்கள் அதிகமாகாது.

20 டெசிபல் ஆம்ப் இரண்டை வரிசையாகப் போட்டால் 40 கிடைக்குமா?

கிடைக்கும். மேலே உள்ள பதிலை இன்னொரு முறை படியுங்கள்.

ஃபில்டரை எல்.என்.ஏ.வுக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா?

நல்ல கேள்வி. முன்னால் வைத்தால் ஃபில்டரில் போகும் ஒவ்வொரு டெசிபலும் நேராக இரைச்சல் எண்ணில் ஏறும். பின்னால் வைத்தால் டாங்கிள் தப்பிக்கும், ஆனால் எல்.என்.ஏ.வே திணறலாம். பக்கத்தில் பெரிய எஃப்.எம். கோபுரம் இருந்தால் எஃப்.எம்.மை மட்டும் தடுக்கும் ஃபில்டரை முன்னால் வையுங்கள். நீங்கள் கேட்கும் அலைவரிசை 88-108க்குத் தள்ளி இருக்கும்வரை அதில் நஷ்டம் சொற்பம். 2, 3 டெசிபல் தின்னும், ஒரு குறுகிய பட்டையை மட்டும் உள்ளே விடும் சா (SAW) ஃபில்டரைப் பின்னால் வையுங்கள். கோபுரம் எதுவும் அருகில் இல்லையென்றால் முதலில் ஃபில்டரே இல்லாமல் கேட்டுப் பாருங்கள்.

பயாஸ் டீயை (ஆன்டெனா கேபிள் வழியாகவே எல்.என்.ஏ.வுக்கு மின்சாரம் அனுப்பும் வசதி) ஆன் செய்த உடனே டாங்கிள் கணினியிலிருந்து காணாமல் போகிறது. ஆன்டெனா நானே செய்த லூப்.

பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. லூப் என்பது நேர்மின்சாரத்துக்கு வெறும் கம்பி. நடுமுனையில் ஏறும் நாலரை வோல்ட் நேராகத் தரைக்கு ஓடுகிறது. இவ்வளவுக்குப் பிறகும் டாங்கிள் உயிரோடு இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பயாஸ் டீயைத் தொடும் முன் கேபிளின் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பீப் அடித்தால் ஆன் செய்யக் கூடாது. லூப்புக்கும் கேபிளுக்கும் நடுவே, உள்வாயிலில் மின்தேக்கி உள்ள எல்.என்.ஏ. இருந்தால் பிரச்சினை இல்லை.

சிற்றலை கேட்க ஆசை. எந்த எல்.என்.ஏ. நல்லது?

எதுவும் வேண்டாம். 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஆன்டெனாவில் வந்து விழும் இரைச்சல், டாங்கிளின் சொந்த இரைச்சலை எளிதில் தாண்டிவிடும். சந்தேகமிருந்தால் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டுங்கள். மாட்டியதும் இரைச்சல் கோடு தெளிவாக எழும்பினால் எல்.என்.ஏ.வுக்கு அங்கே வேலையில்லை. இந்தச் சோதனை எல்லா அலைவரிசைக்கும் பொருந்தும், காசும் செலவில்லை, ஆனாலும் யாரும் செய்வதில்லை.

உங்களுக்கு வேண்டியது பத்துப் பதினைந்து மீட்டர் கம்பி, கம்பியைக் கேபிளோடு பொருத்த ஒன்பதுக்கு ஒன்று மின்மாற்றி, கேபிளைப் பத்துச் சுற்றுச் சுற்ற ஒரு ஃபெரைட் வளையம். கணினியை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டிலுள்ள சார்ஜர்களையும் எல்.இ.டி. விளக்குகளையும் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே திரையைப் பாருங்கள். எந்த சார்ஜர் குற்றவாளி என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். டைரக்ட் சாம்ப்ளிங் முறையில் (ட்யூனரைத் தவிர்த்துச் சிக்னலை நேராக மாற்றிக்கு அனுப்புவது) கேட்கிறீர்கள் என்றால் இன்னொன்று: 14.4 மெகாஹெர்ட்ஸில் அலைவரிசை கண்ணாடிபோல மடங்கும். 20-ல் இருக்கும் நிலையம் 8.8-லும் தெரியும். அதைப் பார்த்துவிட்டுப் புது நிலையம் கண்டுபிடித்ததாக எனக்கு எழுத வேண்டாம்.

1,090-க்கு நானே ஆன்டெனா செய்யலாமா? சன்னலில் வைத்தால் போதுமா?

செய்யலாம். ஒரு என்-வகை கனெக்டர், ஐந்து துண்டு செம்புக் கம்பி, சுமார் 68 மில்லிமீட்டர் வீதம். ஒன்று நடுமுனையில் நேராக நிற்கும், மற்ற நான்கும் மூலைத் துளைகளிலிருந்து கீழ்நோக்கி 45 டிகிரி சரியும். நடுக்கம்பியை, அது வெள்ளைக் காப்பிலிருந்து வெளியே வரும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். பலர் பற்றவைத்த குமிழின் மேலிருந்து அளந்து, கம்பியை நீளமாக விட்டுவிடுகிறார்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தவறினால் குடி மூழ்காது.

சன்னல் போதாது. 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கும் தடையில்லாத ஆன்டெனாவுக்கும் நடுவே 400 கிலோமீட்டர் வரை நேர்ப்பார்வை உண்டு. சன்னலில் வைத்தால் வானத்தில் ஒரு துண்டுதான் தெரியும். கண்ணாடியில் உலோகப் பூச்சு இருந்தால் அதுவும் இல்லை. ஆம்புக்குச் செலவழிக்க நினைத்ததை ஆன்டெனாவை உயர்த்தச் செலவழியுங்கள்.

ஆறு மாதமாக நன்றாக வந்தது, இப்போது எல்லா அலைவரிசையும் மந்தம். டாங்கிளுக்கு வயதாகிவிட்டதா?

மாடிக்குப் போய்க் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். என்னுடையதை ஒரு முறை திருகியபோது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தது. கேபிளின் தோலைக் கீறினால், பளபளவென்று இருக்க வேண்டிய பின்னல் ஒரு முழம் தூரத்துக்குக் கறுத்துப்போயிருந்தது. அந்தக் கேபிளைக் காயவைத்துப் பயனில்லை, வெட்டி எறிய வேண்டியதுதான். புதியதை மாட்டும்போது கனெக்டரின் மேல் தானாகவே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலேற்றுங்கள், தண்ணீர் அங்கே சொட்டிவிடும். இடி வரும் முன்பே கேபிளைக் கழற்றி வெளியே போடுங்கள். இதையும் எத்தனையாவது முறை சொல்கிறேன் என்று கணக்கில்லை.

என் மென்பொருள் மீட்டரில் −40 காட்டுகிறது, நண்பருடையதில் அதே நிலையம் −25. என் ஆன்டெனா மட்டமா?

அந்த எண் உங்கள் கெயினைப் பொறுத்தது, ஆன்டெனாவை மட்டும் பொறுத்ததல்ல. சிக்னலின் உச்சிக்கும் இரைச்சல் கோட்டுக்கும் உள்ள இடைவெளியை இருவரும் அளந்து எழுதுங்கள். அதிர்வெண், கேபிள், நீளம், இடம் நான்கையும் சேர்த்து.